புல்மோட்டை மணல் கப்பலேறுகிறது, தொழிற்சாலை ஏன் இங்கே எழும்பவில்லை?

உவர்மலைத்தம்பி

எல்லாருக்கும் வணக்கம். பொருளியல் படிக்கிறேன். இயற்கை வளம் நிறைந்த நாடுகள் ஏன் தொழிற்சாலைப் பொருட்களை ஏற்றுமதி செய்ய முடியாமல் திணறுகின்றன என்று வகுப்பில் ஒரு கேள்வி வந்தது. நைஜீரியா, சாம்பியா, கொங்கோ, வெனிசுவேலா என்று உதாரணங்கள் அடுக்கினார்கள். அவ்வளவு தூரம் போவானேன் என்று எனக்குப் பட்டது.

திருகோணமலையிலிருந்து வடக்கே ஐம்பது சொச்சம் கிலோமீற்றர் போனால் புல்மோட்டை. இல்மனைட், ரூட்டைல், சேர்க்கோன் என்ற கனிமங்கள் எல்லாம் கடற்கரை மணலிலேயே கிடக்கின்றன. 1957-இல் இதற்கென்றே ஒரு கூட்டுத்தாபனம் வந்தது. அன்று தொடங்கி இன்றுவரை நாம் செய்வது மணலைப் பிரித்தெடுத்துக் கப்பலில் ஏற்றுவது மட்டும்தான். அதே இல்மனைட்டிலிருந்து செய்யும் வெள்ளை நிறமிதான் பெயின்றில், பிளாஸ்ரிக்கில், பற்பசையில் எல்லாம் இருக்கிறது. அதை டொலர் கொடுத்து வாங்குகிறோம். துறைமுகம் வேறு வாசலிலேயே இருக்கிறது. அப்படியானால் என்னதான் குறை?

அரசியல்வாதிகள் தின்றுவிட்டார்கள் என்ற ஒற்றை வரிப் பதில் மட்டும் வேண்டாம். அது எனக்கும் தெரியும்.

சீனக்குடா ஃபிட்டர்

தம்பி, அரசியல்வாதியைத் தொடக்கத்திலேயே வெளியே அனுப்பியது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் இழை அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

நான் ஆலைகளில் வேலை செய்து ஓய்வெடுத்தவன். இல்மனைட்டை நிறமியாக்குவது என்றால் என்ன வேலை என்று முதலில் பாருங்கள். இல்மனைட்டில் இரும்பும் தைத்தானியமும் ஒட்டிக்கிடக்கின்றன. புல்மோட்டை இல்மனைட்டில் தைத்தானியம் ஈரொக்சைட் பாதிக்குச் சற்று மேலே இருக்கும், மிச்சத்தில் பெரும்பகுதி இரும்பு. பழைய முறையில் மணலை அரைத்துச் செறிந்த சல்பூரிக் அமிலத்தில் கரைக்க வேண்டும். ஒரு தொன் நிறமிக்குப் பல தொன் அமிலம் போகும். பிறகு இரும்பு உப்பைப் பிரிக்க வேண்டும், கரைசலைக் கொதிக்கவைத்து வெள்ளையைப் படியவைக்க வேண்டும், கழுவ வேண்டும், சூளையில் சுட வேண்டும், மைக்ரோன் அளவுக்கு அரைக்க வேண்டும். வேலை முடியும்போது வெள்ளைத் தூள் ஒரு பங்கு என்றால், அமிலக் கழிவும் பச்சை நிற இரும்புச் சல்பேற்றும் அதைவிடப் பல பங்கு நிற்கும். அதை எங்கே கொட்டுவது? திருகோணமலைக் கடலான கொட்டியாரக் குடாவில் கொட்டினால் மூதூர்ச் சனம் சும்மா இருக்குமா?

குளோரின் முறையில் கழிவு குறைவு. ஆனால் அதற்கு ரூட்டைல் போல் தரம் கூடிய மூலப்பொருள் வேண்டும், இல்லாவிட்டால் இல்மனைட்டை மின்சூளையில் போட்டுத் தரம் உயர்த்த வேண்டும். மின்கட்டணத்தை நினைத்தாலே தலை சுற்றும். ஒரு காலத்தில் குளோரின் நம்மிடமே இருந்தது. ஆனையிறவு உப்பை வைத்துப் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் செய்தது. போர் அந்தக் கதையை முடித்துவிட்டது.

கேரளாவில் இதே மணலில் செய்கிறார்களே என்று யாராவது கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரத்தில் ஒன்று, கொல்லம் பக்கத்துச் சவறையில் ஒன்று, இரண்டும் அரசாங்க ஆலைகள். திருவனந்தபுரத்து ஆலையின் அமிலக் கழிவு வேளிக் கடலில் கலப்பது பற்றிப் பல வருடங்களாகச் சண்டை நடந்தது. இத்தனைக்குப் பிறகும் இந்தியப் பெயின்ற் கொம்பனிகள் சீனாவிலிருந்து நிறமி வாங்குகின்றன.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? எங்கள் ஊரில் உண்மையில் ஓடுகிற பெரிய ஆலைகள் எவை? பிறீமா மா ஆலை, ரோக்கியோ சீமெந்து ஆலை, இரண்டும் 1980-களிலிருந்து ஓடுகின்றன. கோதுமை இந்த நாட்டில் ஒரு மணி விளையாது. சீமெந்தாக அரைக்கும் சுட்ட கட்டியான கிளிங்கரும் கப்பலில்தான் வருகிறது. மூலப்பொருள் மண்ணுக்குள் இருக்கிற இடத்தில் ஆலை இல்லை, கப்பலில் வருகிற இடத்தில் ஆலை இருக்கிறது. உங்கள் வகுப்பில் இதைச் சொல்லிப் பாருங்கள்.

அன்புவழிபுரம்98

மன்னிக்க வேண்டும் ஐயா, முடியாது முடியாது என்று சொல்லியே நாட்டை இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். இந்தோனேசியா என்ன செய்தது? 2020 ஜனவரியில் நிக்கல் தாதை அப்படியே ஏற்றக் கூடாது என்று தடை போட்டது. வேண்டுமென்றால் இங்கே வந்து உருக்கு என்றது. வந்தார்களா இல்லையா? நாமும் புல்மோட்டையிலிருந்து ஒரு மணி மணலும் வெளியே போகாது என்று ஒரு வர்த்தமானி அடித்தால் முடிந்தது.

மெல்பேண் திருமலையான்

தம்பி, கோபம் விளங்குகிறது. ஆனால் இந்தோனேசியாவின் கையில் என்ன இருந்தது என்று பாருங்கள். உலகத்தில் தோண்டும் நிக்கலில் இன்று பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வருகிறது. கதவைச் சாத்தினால் வாங்குகிறவனுக்கு வேறு போக்கிடம் குறைவு. இல்மனைட் அப்படியா? நான் இருக்கும் அவுஸ்திரேலியாவில் இருக்கிறது, தென்னாபிரிக்காவில், மொசாம்பிக்கில், கேரளக் கரையில், நோர்வேயில் எல்லாம் இருக்கிறது. புல்மோட்டை கதவைச் சாத்தினால் மற்றவர்கள் கவனிக்கவே மாட்டார்கள். நம் மணல் குவியலாகக் கிடக்கும், அங்கே வேலை செய்பவர்களுக்குத்தான் சம்பளம் நிற்கும்.

அங்கேயும் ஒரு நாளில் நடந்துவிடவில்லை. சுரங்கச் சட்டம் 2009-இல், முதல் தடை 2014-இல், 2017-இல் கொஞ்சம் தளர்த்தினார்கள், பிறகு 2020-இல் திரும்பப் போட்டார்கள். உருக்காலைகளில் பெரும்பாலானவை சீன முதலீடு, அவற்றுக்கு மின்சாரம் கொடுப்பது இந்தோனேசியாவின் சொந்த நிலக்கரி. ஐரோப்பிய ஒன்றியம் வழக்குப் போட்டு, 2022-இல் உலக வர்த்தக அமைப்பின் குழு தடைக்கு எதிராகத் தீர்ப்பும் சொன்னது. அவர்கள் மேன்முறையீடு செய்துவிட்டுத் தடையைத் தொடர்கிறார்கள். அந்தத் துணிவு அவர்களின் சந்தைப் பலத்திலிருந்து வருகிறது.

என் அனுபவம் ஒன்று சொல்கிறேன், தம்பியின் கேள்விக்கு அதுதான் நேரான பதில் என்று நினைக்கிறேன். நான் இங்கே கார் உதிரிப்பாகம் செய்யும் ஒரு பட்டறையில் இருந்தேன். மேற்கு அவுஸ்திரேலியாவில் இரும்புத்தாது கொழுத்த விலைக்குப் போன காலம். தாது வாங்குகிறவர்கள் எல்லாரும் அவுஸ்திரேலிய டொலர் தேட, 2011-இல் அது அமெரிக்க டொலரையே தாண்டி 1.10 வரை ஏறியது. வெளிநாட்டுச் சுற்றுலா போனவர்களுக்குக் கொண்டாட்டம். எங்களுக்கோ, நாங்கள் செய்த அதே பாகம், அதே தரம், அதே சம்பளம், வாங்குகிறவன் கணக்கில் மட்டும் விலை எங்கேயோ போய்விட்டது. தாய்லாந்திலிருந்து வருகிற கார் மலிவாகிவிட்டது. ஃபோர்ட் 2016-இல் மூடியது, ரொயோட்டாவும் ஹோல்டனும் 2017-இல் மூடின. நாணயம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், சந்தை சின்னது, அரச உதவியும் நின்றது. ஆனால் எங்கள் பட்டறைக்கு முதல் அடி அங்கிருந்துதான் விழுந்தது. இத்தனைக்கும் இங்கே ஊழல் குறைவு, போர் இல்லை, படித்த தொழிலாளர் நிறைய.

பொருளியல் வாத்தி

மெல்பேண் அண்ணை சொன்னதை இலங்கைக்குப் பொருத்திப் பாருங்கள். நமக்கு எண்ணெய் இல்லை, ஏற்றுமதி செய்யுமளவு இரும்புத்தாதும் இல்லை. ஆனால் டொலர் கொண்டுவரும் கிணறு ஒன்று இருக்கிறது, அது வெளிநாட்டில் உழைக்கும் நம் சனம். 2020-இல் அவர்கள் அனுப்பியது ஏறத்தாழ 7 பில்லியன் டொலர். அதே வருடம் நாட்டின் மொத்தப் பொருள் ஏற்றுமதியே 10 பில்லியன் அளவுதான். அதற்கு மேல் கடனாக வந்த டொலர். இந்த இரண்டும் சேர்ந்து ரூபாயைத் தூக்கிப் பிடித்தன.

ஒரு கணக்குப் போடலாம், இலக்கங்கள் விளக்கத்துக்கு மட்டும். ஒரு பொருளைச் செய்ய 950 ரூபாய் செலவு, வெளிநாட்டில் 5 டொலருக்கு விற்கிறீர்கள். டொலர் 200 என்றால் 1000 ரூபாய் கையில் வரும், 50 ரூபாய் இலாபம். டொலர் 180-இல் பிடித்து வைக்கப்பட்டால் 900 ரூபாய், அதாவது 50 ரூபாய் நட்டம். தொழிற்சாலையில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் முதலாளி மெசினை விற்றுவிட்டு இறக்குமதிக் கடை போடுவார். கொழும்பில் அதுதான் நடந்தது, இங்கே என்.சி. வீதியிலும் அதுதான் நடந்தது.

2021-இல் ரூபாயை 200 அளவில் கட்டி வைத்திருந்ததும், 2022 மார்ச்சில் அவிழ்த்துவிட்டதும் சில வாரங்களில் 300-ஐயும் தாண்டி ஓடியதும் எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்தக் கட்டு அவிழும்வரை நட்டத்தின் ஒரு பங்கைச் சுமந்தவர்கள் ஏற்றுமதியாளர்கள்.

இரண்டாவது விஷயம் இறக்குமதி வரி. உள்ளூர்த் தொழிலைக் காப்பாற்றுகிறோம் என்று சுங்க வரிக்கு மேல் செஸ் என்ற கூடுதல் தீர்வை, துறைமுக விமான நிலைய வரி என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். காப்பாற்றப்பட்டது உள்ளூர்ச் சந்தையில் விற்கும் சில கொம்பனிகள். அவர்களுக்குச் சொந்த நாட்டில் விற்றாலே கொழுத்த இலாபம் என்றால் ஜேர்மனிக்காரனிடம் போய் ஏன் பேரம் பேசப் போகிறார்கள்? 2000-ஆம் ஆண்டில் பொருளும் சேவையும் சேர்ந்த ஏற்றுமதி மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 39 சதவீதம் அளவில் இருந்தது. 2019-இல் அது 23 அளவுக்கு இறங்கிவிட்டது. இடையில் 2009-இல் போரும் முடிந்திருந்தது என்பதைக் கவனியுங்கள்.

கிண்ணியா நானா

வாத்தி சேர் சொன்ன வரிக்கதைக்கு நான் சாட்சி.

மீன் எங்கள் வளம். சாளை கரைவலையில் குவியும் நாட்களில் விலை கேட்க ஆளிருக்காது. செமன் ரின் என்ற தகரப்பேணி மீனை நாடே தின்கிறது, அதில் பெரும்பங்கு பல காலம் வெளியிலிருந்து வந்தது. சரி, நாமே பேணியில் அடைத்து மாலைதீவுக்கும் வளைகுடாவுக்கும் அனுப்பலாம் என்று இரண்டு பேர் சேர்ந்து இறங்கினோம். கணக்கைத் தாளில் போட்டபோது விளங்கியது: பேணிக்குள் இருக்கும் மீனைவிட வெற்றுப் பேணி விலை கூட. பேணித் தகடு வெளிநாடு, மூடி வெளிநாடு, அட்டைப்பெட்டிக் காகிதம் வெளிநாடு, தக்காளிச் சோஸ் பசையும் அப்படித்தான். ஒவ்வொன்றும் துறைமுகத்தில் வரி கட்டி வரும். ஏற்றுமதிக்காகக் கொண்டுவந்தால் வரி இல்லை என்று ஒரு திட்டம் இருக்கிறது, உண்மை. அதற்குப் பிணை வைக்க வேண்டும், கொண்டுவந்த தகட்டில் எத்தனை பேணி வெளியே போனது என்று கணக்குக் காட்டி அந்தப் பிணையை மீட்க வேண்டும். பெரிய கொம்பனிக்கு அதற்கென்று ஒரு பிரிவு இருக்கும். எங்களுக்கு நானும் என் மச்சானும்தான்.

அப்புறம் கண்டெய்னர். உலகத்தின் பெரிய இயற்கைத் துறைமுகம் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகப் படித்தோம். ஆனால் என் பெட்டியை ஏற்ற இங்கே ஒரு கண்டெய்னர் கப்பலும் வராது. கொட்டியாரக் குடாவைப் பார்த்துக்கொண்டே லொறியைக் கந்தளாய், ஹபரணை வழியாகக் கொழும்புக்கு விட வேண்டும். தாமதமானால் அங்கே நிறுத்துக் கூலி.

கடைசியில் பேணி அடைப்பதை விட்டுவிட்டு மீனை ஐஸ் பெட்டியில் போட்டுத் தம்புள்ளைக்கு அனுப்புகிறோம். இப்போது நிம்மதி, இலாபமும் உண்டு. ஏற்றுமதிதான் இல்லை.

பாலையூற்று அக்கா

ஆண்கள் எல்லாரும் மணலையும் மீனையும் பேசுகிறீர்கள், நாட்டுக்கு அதிக ஏற்றுமதி டொலர் கொண்டுவரும் உடுப்பை ஒருவரும் சொல்லவில்லை. நான் கார்மென்ட்ஸில் மெசினில் தொடங்கி லைன் சூப்பர்வைசர் வரை இருந்தவள்.

பருத்தி இந்த நாட்டில் சொல்லும்படி விளைவதில்லை. துணி பெரும்பாலும் வெளியிலிருந்து, நூல், ஸிப், பொத்தான், சில வேளை லேபல்கூட. நம்முடையது கை மட்டும். பிறகு எப்படி வந்தது? 1978-இல் கட்டுநாயக்காவில் ஏற்றுமதி வலயம் திறந்தார்கள், அங்கே வருகிற துணிக்கு வரியில்லை, பிணை வைத்து அலையவும் தேவையில்லை. அமெரிக்காவும் ஐரோப்பாவும் பெரிய நாடுகளுக்கு இவ்வளவுதான் வாங்குவோம் என்று கோட்டா போட்டிருந்ததால் கோட்டா மிச்சமிருந்த சின்ன நாடுகளைத் தேடி வந்தார்கள். 2005-இல் கோட்டா போனது, இனி அவ்வளவுதான் என்றார்கள். ஆனால் அதற்குள் வேலை தெரிந்துவிட்டது.

வேலை தெரிவது என்றால் தையல் மட்டும் என்று நினைக்காதீர்கள். ஓடர் கையில் வரும்போதே கப்பல் நாள் அதில் எழுதியிருக்கும். ஒரு லைனில் ஒரு பிள்ளை வராவிட்டால் அன்று எத்தனை உருப்படி குறையும், அதை யார் எந்த மெசினில் ஈடுகட்டுவது என்று காலை ஏழரைக்கே முடிவெடுக்க வேண்டும். கப்பலைத் தவறவிட்டால் விமானத்தில் அனுப்ப வேண்டும், அந்தச் செலவு கொம்பனி தலையில். ஒரு முறை அப்படி நடந்தால் அந்தச் சீசன் இலாபம் போச்சு. இந்தப் பயத்திலேயே நாடு முழுக்க ஆயிரக்கணக்கான பெண்களுக்கு ஒரு ஒழுங்கு படிந்தது. மணல் தோண்டும் இடத்தில் அந்த ஒழுங்கு எப்படிப் படியும்? மணல் இன்று ஏறாவிட்டால் அடுத்த மாதம் ஏறும், அழுகாது.

கிண்ணியா நானாவுக்கு: உங்கள் பேணிக் கதையும் எங்கள் துணிக் கதையும் ஒன்றுதான். எங்களுக்கு வரியில்லாத கதவு ஒன்று திறந்திருந்தது, உங்களுக்கு இல்லை.

உவர்மலைத்தம்பி

அக்கா, இது வகுப்பில் கிடைக்காத பாடம். ஆனால் ஒரு சந்தேகம். எல்லாரும் சொல்வதைக் கேட்டால் வளம் இருப்பதே தொல்லை என்ற மாதிரி வருகிறது. மலேசியாவுக்குத் தகரம் இருந்தது, றப்பர் இருந்தது, பெற்றோலியமும் இருந்தது. அவர்கள் ஏன் சிக்கவில்லை?

பொருளியல் வாத்தி

நல்ல கேள்வி. மலேசியாவின் பினாங்குக்கு 1969-இல் வரியில்லாச் சுதந்திரத் துறைமுகம் என்ற தகுதி போனது, வேலையில்லாத் திண்டாட்டம். 1972-இல் பாயான் லெப்பாஸில் வலயம் திறந்தார்கள், அதே வருடம் கணினிச் சிப் செய்யும் இன்டெல் வந்தது. அந்தச் சிப்புக்குள் மலேசியத் தகரமும் இல்லை, மலேசிய றப்பரும் இல்லை. எல்லாம் வெளியிலிருந்து வந்து, பூட்டி, சோதித்து, வெளியே போனது. றப்பரும் செம்பனையும் தந்த பணத்தில் வீதி போட்டார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். அதாவது வளத்தின் பணம் தொழிலுக்குப் பாதை போட்டது, வளமே தொழிலாக வேண்டும் என்று அவர்கள் ஒற்றைக் காலில் நிற்கவில்லை. நோர்வே இன்னொரு வழி பிடித்தது. எண்ணெய்ப் பணத்தை வெளிநாட்டில் முதலிட 1990-இல் ஒரு நிதியம் அமைத்தார்கள், அந்தப் பணம் முழுக்க உள்ளே வந்து நாணயத்தை வீங்க வைக்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

வளத்திலிருந்தே தொழிலும் வரலாம், இலங்கையிலேயே உதாரணம் உண்டு. றப்பரிலிருந்து ஃபோர்க்லிஃப்ற் வண்டிகளுக்கான திண்ம ரயர் செய்து உலகம் முழுக்க விற்கிறோம். தேங்காய்ச் சிரட்டைக் கரியிலிருந்து நீர் வடிகட்டவும் தங்கம் பிரிக்கவும் உதவும் செயற்படு காபன் போகிறது. இந்த இரண்டிலும் மூலப்பொருளை விற்பவர்கள் பலர், வாங்கிச் செய்பவர்களும் பலர், போட்டி உண்டு. புல்மோட்டையில் மணல் வைத்திருப்பது ஒரே ஒரு அரசாங்கக் கம்பனி. இருபது வருடத்துக்கு இத்தனை தொன் இந்த விலை முறையில் தருவேன் என்று உறுதி இல்லாமல் யார் ஆலை கட்ட வருவார்கள்?

அன்புவழிபுரம்98

சரி, தடை வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் சேர், போரை ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். 1997-இல் புல்மோட்டைக் கரையில் கனிய மணல் ஏற்ற வந்த கப்பலே தாக்கப்பட்டது. அதற்குப் பிறகு எந்த வெளிநாட்டுக்காரன் இங்கே கண் வைப்பான்? சம்பூரில் சனத்தை எழுப்பிவிட்டுக் காணியைக் கைத்தொழில் வலயம் என்றார்கள், 2015-இல் திருப்பிக் கொடுக்கும்வரை ஒரு ஆலையும் வரவில்லை. வளம், நாணயம் என்று பேசும்போது இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பொருளியல் வாத்தி

சேர்க்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. மலேசியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா வரிசையில் நம்மை வைக்கும்போது அந்த முப்பது வருடத்தைக் கழிக்க முடியாது. ஆனால் கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலை 1993-இல் நின்றதற்குப் போரை மட்டும் சொல்ல முடியுமா? இந்தியச் சீனியும் பிரேசில் சீனியும் மலிவாகக் கரையில் இறங்கும்போது பழைய இயந்திரத்தில் அரைத்த சீனி எந்த விலைக்கு விற்கும்?

சீனக்குடா ஃபிட்டர்

பெரிய கதை பேசியாயிற்று, கொஞ்சம் சின்னதாக யோசிக்கலாமா? நிறமி ஆலை கனவாகவே இருக்கட்டும். அதே மணலில் சேர்க்கோன் இருக்கிறது. அதை மிக நுண்ணிய தூளாக அரைத்தால் தரை ஓடு, மலசலகூடப் பாத்திரம் ஆகியவற்றின் வெள்ளைப் பளபளப்புப் பூச்சுக்குப் போகும். அமிலம் வேண்டாம், குளோரின் வேண்டாம், கடலில் கொட்ட ஒன்றும் இல்லை. வேண்டியது நல்ல பந்து அரவை ஆலை, தேயாத உட்பூச்சு, தூசியை அடக்கும் பை வடிகட்டி. சேர்க்கோனில் சிறிது கதிரியக்கம் உண்டு, தூசி மூச்சில் போகாமல் காப்பது கட்டாயம். ஓடு செய்யும் கொம்பனிகள் நம் நாட்டிலேயே இருக்கின்றன, முதலில் அவர்களுக்கு விற்று கை பழகலாம்.

கிண்ணியா நானா

ஃபிட்டர் ஐயா, அரவைக்குக் கரண்ட் எவ்வளவு இழுக்கும்?

சீனக்குடா ஃபிட்டர்

நிறைய இழுக்கும் நானா. சேர்க்கோன் இரும்பைவிடப் பிடிவாதம், ஐந்து மைக்ரோனுக்குக் கீழே கொண்டுபோக மணிக்கணக்கில் உருள வேண்டும். பகலில் கூரைச் சூரியத் தகட்டில் ஓட்டி, இரவில் நிறுத்தினால் எப்படி என்று ஒரு யோசனை இருக்கிறது. அரவை இடையில் நின்றாலும் கெட்டுப்போகாது, சூளை மாதிரி இல்லை.

பாலையூற்று அக்கா

கரண்ட் கணக்குக்கு முன்னால் வாங்குகிறவனைக் கேளுங்கள். ஓட்டுக் கொம்பனி இப்போது அந்தத் தூளை எங்கிருந்து எடுக்கிறது, கிலோ என்ன விலை, எத்தனை நாள் கடனில் எடுக்கிறது, ஒரு தொகுதி தரம் பிசகினால் முழுவதையும் திருப்பி அனுப்புமா? கார்மென்ட்ஸில் முதல் மாதிரி உருப்படி வாங்குகிறவனிடம் போய் ஒப்புதல் வாங்காமல் ஒரு மீற்றர் துணியும் வெட்ட மாட்டோம்.

கிண்ணியா நானா

அது சரி தங்கச்சி. என் லொறி அடுத்த கிழமை மீனோடு அந்தப் பக்கம் போகிறது. ஃபிட்டர் ஐயா, எந்த அளவு, எந்தத் தரம் என்று கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதித் தாருங்கள், ஓட்டுக் கொம்பனியின் கொள்வனவுப் பகுதியில் நானே கேட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன். தம்பி, நீங்களும் வருவதென்றால் முன் சீட் காலி, மீன் வாசம் மட்டும் பொறுக்க வேண்டும்.